அகதியைப் பாடச் சொல்லாதீர்கள்

இரண்டு வாரத்துக்கு முன் ஆராதனையில் ஒரு வீடியோ போட்டார்கள். ஈராக்கில் போருக்குத் தப்பி முகாமில் இருக்கும் ஒரு சிறுமி, தன்னைத் துரத்தியவர்களை மன்னித்துவிட்டதாகச் சொல்கிறாள். பழைய வீடியோதான். முடிந்ததும் போதகர் கேட்டார்: "எல்லாம் இழந்த இந்தப் பிள்ளைக்கு இருக்கிற விசுவாசம், ஃபேனுக்கடியில் சொகுசாக உட்கார்ந்திருக்கிற நமக்கு இருக்கிறதா?" சபை முழுக்க அழுதது. நானும் அழுதேன். ஆனால் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் அந்த அழுகைமேல் எனக்கே சங்கடம் வந்துவிட்டது. நம் விசுவாசத்தை அளந்து பார்க்க ஒரு அளவுகோலாகவா அந்தப் பிள்ளை ஊரைவிட்டு ஓடி வந்தது?

என்ன நடந்தது என்பதை அன்றைக்குப் பிரசங்கத்தில் யாரும் சொல்லவில்லை. 2014 ஜூலையில் மோசுல் நகரத்தில் கிறிஸ்தவர் வீட்டுச் சுவர்களில் ஐஎஸ் பயங்கரவாத இயக்கத்தின் ஆட்கள் 'நூன்' என்ற அரபு எழுத்தை எழுதினார்கள். நஸ்ரானி, அதாவது நசரேயன் என்பதன் முதலெழுத்து. மதம் மாறு, வரி கட்டு, இல்லை வெளியேறு; மறுத்தால் வாள். ஜூலை 19 வரை கெடு. அது முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 6 இரவு, காவலுக்கு நின்ற குர்திஷ் படை பின்வாங்கியதும், நினிவே சமவெளியின் பெரிய கிறிஸ்தவ ஊரான கரகோஷ் ராத்திரியோடு ராத்திரியாகக் காலியானது. ஐம்பதாயிரம் பேர் அளவில் வாழ்ந்த ஊர். (ஆமாம், யோனா போக மாட்டேன் என்று அடம்பிடித்த அதே நினிவேதான்.) சமவெளி முழுவதிலும் இருந்து லட்சம் பேருக்கு மேல் கிளம்பிப் போனார்கள். குர்திஷ் பகுதியின் தலைநகர் எர்பிலை ஒட்டிய அங்காவாவில் கோயில் வளாகம், பள்ளிக்கூடம், கட்டி முடிக்காத கட்டடம், பூங்கா என்று இடம் கிடைத்த இடத்தில் படுத்தார்கள். ஆகஸ்ட் வெயில் அங்கே நாற்பது டிகிரியைத் தாண்டும்.

அப்படி வந்து இறங்கிய ஒரு குடும்பம் முதலில் தேடுவது தண்ணீரையும் கழிப்பறையையும் தாத்தாவின் மாத்திரையையும்தான். ஜெபம் அதற்கு நடுவில் எங்கோ வருகிறது. கூடாரத்துக்கும் கூடாரத்துக்கும் நடுவில் ஒரு துணிதான். உங்கள் சண்டை பக்கத்து வீட்டுக்குக் கேட்கும், ஜெபமும் கேட்கும். இப்போதுதான் சோற்றுக்குச் சண்டை போட்ட புருஷனும் பெண்டாட்டியும் எந்த முகத்தோடு முழங்கால் போடுவது? பதினாறு வயதுப் பையன் எழுந்து வெளியே போய்விடுவான். அம்மா குரலை உயர்த்தாமல், அவன் பெயரையும் சேர்த்துச் சொல்லி முடிப்பாள். பிரசங்க மேடைக்கு இது ஏறாது. ஆனால் விசுவாசம் பெரும்பாலும் காப்பாற்றப்படுவது இப்படித்தான் என்று நினைக்கிறேன். பாத்திரம் கழுவுவது மாதிரி, இன்றைக்கு முடித்தாலும் நாளைக்குத் திரும்பச் செய்ய வேண்டியதாக.

முகாமில் கிழமை என்று ஒன்று இருக்காது. வேலை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, சந்தை இல்லை. செவ்வாயும் வெள்ளியும் ஒன்றுதான். அங்கே ஞாயிற்றுக்கிழமைதான் வாரத்தை வாரமாக்குகிறது. இருக்கிறதில் நல்ல சட்டையை எடுத்துப் போட ஒரு நாள். நம்மில் பலர் ஞாயிறு ஆராதனையை ஒரு கடமையாகக் கழிக்கிறோம். அங்கே அது நாட்காட்டி, ஊர்க்கூட்டம், யார் எங்கே இருக்கிறார் என்று விசாரிக்கும் இடம், எல்லாம்.

சிலர் கையில் எடுத்து வந்ததைப் பார்த்தாலே ஒன்று புரியும். நஜீப் மிக்கேல் என்ற தொமினிக்கன் துறவி கரகோஷிலிருந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தது பழைய கையெழுத்துச் சுவடிகளை. பிறகு அவரே மோசுலில், ஈராக்கின் பெரிய கத்தோலிக்கப் பிரிவான கல்தேயத் திருச்சபையின் பேராயர் ஆனார். இன்னும் நூறு வருடம் பின்னால் போனால் 1915, ஒட்டோமான் துருக்கியில் ஆர்மேனியர்களின் பேரழிவு. மூஷ் பகுதி மடத்தில் இருந்த பெரிய பிரசங்கச் சுவடி, தோலில் எழுதியது, சுமார் 28 கிலோ. ஒரு ஆளால் தூக்க முடியாது. இரண்டு பெண்கள் அதை இரண்டாகப் பிரித்துச் சுமந்தார்கள் என்று சொல்வார்கள். இரண்டு பாதியும் இன்று ஆர்மேனியாவின் யெரெவானில், மத்தெனதரான் சுவடிக் காப்பகத்தில் இருக்கின்றன. உயிருக்கு ஓடுகிறவர்கள் 28 கிலோ பிரசங்கத்தை ஏன் சுமக்க வேண்டும்? எனக்கு ஒரு பிரசங்கத்தை முழுசாகக் கேட்கவே பொறுமை இல்லை.

நமக்குத் தெரிந்த, இலங்கையின் மன்னார் பக்கத்து மடு மாதாவின் கதையும் இதுதான். 1670 வாக்கில் டச்சுக்காரர்கள் கத்தோலிக்கரைத் துன்புறுத்தியபோது, மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனதாக மரபு. அதாவது மாதா அங்கே வந்து சேர்ந்ததே அகதியாகத்தான். 1990களில் போருக்குத் தப்பிய ஆயிரக்கணக்கானோர் அந்தக் கோயில் வளாகத்தில் ஒதுங்கினார்கள், இந்துக் குடும்பங்களும் சேர்த்து. 1999 நவம்பர் 20 அன்று அங்கேயும் எறிகணை விழுந்து நாற்பது பேர் அளவில் இறந்தார்கள். 2008 ஏப்ரலில் சண்டை கோயிலைச் சூழ்ந்தபோது, குருக்கள் சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் வீடு புரொட்டஸ்டண்ட் வீடு, மாதா பக்தி பழக்கம் கிடையாது. ஆனாலும் மூட்டைமுடிச்சோடு போகிற சனத்தோடு மாதாவும் இடம்பெயர்வது, இறையியல் புத்தகங்களைவிட ஆழமாக என் மனசில் பதிந்துவிட்டது.

இன்னொரு பேச்சு உண்டு, இதில் எனக்குக் கோபம் வரும். "அவர்கள் ஊரைவிட்டுப் போகக் கூடாது, போனால் இரண்டாயிரம் வருஷத் திருச்சபை அழிந்துவிடும்." ஈராக்கில் 2003க்கு முன் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் என்று மதிப்பிடப்பட்ட கிறிஸ்தவர்கள் இன்று மூன்று லட்சத்துக்கும் கீழே. அப்போது கல்தேயத் திருச்சபைத் தலைவராக இருந்த லூயிஸ் சாக்கோ போகாதீர்கள் என்று பலமுறை கெஞ்சினார். அவருக்கு அந்த உரிமை உண்டு, அவர் அங்கேயே இருந்தவர். கடல் தாண்டி உட்கார்ந்திருக்கிற நமக்கு இல்லை. ஒரு பாரம்பரியத்துக்குக் காவல் நிற்கும்படி இன்னொருவர் பிள்ளையை நிறுத்த முடியாது. போனவர்களுக்கும் இது சுலபம் இல்லை. சிட்னியின் ஃபேர்ஃபீல்டு பக்கம் குடியேறிய குடும்பங்களில், அரமேயிக் மொழி வழி வந்த பேச்சில் பாட்டி ஜெபிக்க, பேத்தி ஆங்கிலத்தில் ஆமென் சொல்லும் நாள் எத்தனை தூரம்? வாள் செய்யாததை வாடகையும் இரவு ஷிஃப்டும் செய்துவிடும்.

அப்புறம், விசுவாசத்தை இழந்தவர்கள். அவர்களைப் பற்றி வீடியோ வராது. குண்டு விழுந்த அன்றோடு ஜெபத்தை நிறுத்திய அப்பா ஒருவர் இருக்கக் கூடாதா? கடவுளிடமே வழக்காடிய யோபுவுக்குக் கொடுத்த இடத்தை அவருக்கும் கொடுக்க வேண்டாமா? ஆறுதல் சொல்லப் போகிறவர்கள் கையில் நிவாரணப் பையும் வாயில் கேள்வியுமாகப் போனால், பசித்தவர் நமக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார். அரசாங்க மேசைக்கு முன்னாலும் இதே கதைதான். மதத்துக்காகத் துரத்தப்பட்டுப் புகலிடம் கேட்டவர்களிடம், பத்துக் கட்டளையை ஒப்பி என்கிற மாதிரி கேள்விகளை அதிகாரிகள் கேட்டதை, 2016இல் பிரிட்டன் நாடாளுமன்ற உறுப்பினர்களின் அறிக்கை ஒன்றே குறை சொன்னது. நம் சபையில் எத்தனை பேர் வரிசை மாறாமல் பத்தையும் சொல்வார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

பாபிலோன் ஆற்றோரம் உட்கார்ந்து அழுதவர்களின் 137ஆம் சங்கீதத்தில் சிறைபிடித்தவர்கள் கேட்பதும் இதைத்தான்: உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று பாடுங்கள். அவர்கள் பாடவில்லை. கின்னரங்களை மரத்தில் மாட்டிவிட்டார்கள். அந்நிய மண்ணில் எப்படிப் பாடுவது என்றார்கள். அந்த மறுப்பையும் வேதமாக வைத்திருக்கிறோம். அதே சங்கீதத்தின் கடைசியில், எதிரியின் குழந்தைகளைப் பற்றி வாயால் சொல்ல முடியாத ஒரு சாபமும் வருகிறது. முகாமில் மன்னித்த சிறுமியும் உண்மை, இந்தச் சாபமும் உண்மை.

சரி, போன வாரம் போதகரிடமே போய்ப் பேசினேன். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். அடுத்த முறை அந்த வீடியோவைப் போடும்போது 137ஆம் சங்கீதத்தையும் கடைசி வசனம்வரை வாசியுங்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அது சபையாருக்கு இடறலாக இருக்கும், தம்பி" என்றார்.