புதுநன்மைக்குக் கடன் எதற்கு?

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் மே மாதம் பிறந்தால் கோயில் வளாகம் பிள்ளைகளால் நிறைந்துவிடும். பிள்ளைகள் முதன்முறையாக நற்கருணை, அதாவது பூசையில் வழங்கும் திரு அப்பம், வாங்கும் புதுநன்மைக்குக் காலை ஏழு மணிக்கு வகுப்பு, சாயங்காலம் அன்பியம் என்னும் அக்கம்பக்கத்துக் குடும்பக் குழு வாரியாக வீடு வீடாகச் செபமாலை, திருவிழா நாள்களில் பூண்டி மாதா கோயிலுக்கு நடைப்பயணம். திருப்பூருக்குப் பிழைக்கப் போனவர்களும் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்று இந்த மாதத்தில்தான் ஊர் திரும்புகிறார்கள் என்பதால், புதுநன்மையையும் மே மாதத்திலேயே வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

ஆனால் டெல்டாவில் கையில் காசு இல்லாத மாதமும் இதுதான். சம்பா அறுத்த பணம் மாசியோடு கரைந்துவிடுகிறது. உளுந்தும் பயறும் கொடுத்தது சித்திரைச் செலவுக்கே சரியாகிவிடுகிறது. வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்து, குறுவை நடவு தொடங்கினால்தான் கூலி வேலையே கிடைக்கும். அதற்குள் பள்ளிக் கட்டணம் வாசலில் வந்து நிற்கிறது. இந்த நெருக்கடிக்கு நடுவில்தான் வெள்ளைக் கவுன், தலைக்குப் பூமுடி, வீடியோ, ஃபிளெக்ஸ், பிரியாணி என்று புதுநன்மையை ஒரு சிறு கல்யாணமாக்கி வைத்திருக்கிறோம்.

மறைக்கல்வி ஆசிரியராக இருக்கும் எனக்குச் சென்ற ஆண்டு நடந்தது இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. நடவுக்குப் போகும் ஒரு தாய், மகளிர் குழுக் கடனில் எடுத்த கவுனைக் கொண்டுவந்து என்னிடம் விரித்துக் காட்டினார். கடன் எதற்கு என்று கேட்டேன். “எல்லாப் பிள்ளையும் புதுசு போட்டு வரையில எம் பொண்ணு மட்டும் பழசோட நின்னா, அது மனசு என்ன பாடுபடும் அண்ணே?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. புதுநன்மை அன்று அந்தச் சிறுமி, கத்திரி வெயிலில் வளைந்துகொண்டிருந்த மெழுகுதிரியை இரு கைகளாலும் நிமிர்த்திப் பிடித்தபடி, உருகிய மெழுகு கவுனில் சொட்டிவிடக் கூடாதே என்ற பயத்தில் உடம்பை முழுவதும் பின்னுக்கு இழுத்துக்கொண்டு வரிசையில் நடந்தாள். பூசை முடியும்வரை அவளுடைய கண் பீடத்தின் பக்கம் போகவே இல்லை.

திருத்தந்தை புனித பத்தாம் பயஸ் 1910-ஆம் ஆண்டு, பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு வயதுவரை காத்திருக்க வேண்டியதில்லை, புத்தி விவரம் தெரியும் ஏறத்தாழ 7 வயதிலேயே நற்கருணை வாங்கலாம் என்று ஆணையிட்டார். சாதாரண அப்பத்திற்கும் நற்கருணைக்கும் வேறுபாடு தெரிந்திருந்தால் போதும் என்பதே அவர் வைத்த அளவு. திருச்சபை அவ்வளவு அகலமாகத் திறந்துவைத்த கதவில் நாம் ஏன் துணிக்கடை ரசீதைக் கேட்க வேண்டும்?

பீடச் சிறுவர்களின் அங்கிகளைப் பங்கே தைத்து, துவைத்து, கோயில் பீரோவில் வைத்துக் காக்கிறது. அதைப்போலவே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரியான இருபது முப்பது வெள்ளை அங்கிகளைத் தைத்து வைத்தால், ஆண்டுதோறும் அளவு பார்த்துக் கொடுக்கலாம். தையல் தெரிந்த பெண்கள் எங்கள் அன்பியங்களிலேயே இருக்கிறார்கள். விருந்தையும் அவரவர் வீட்டில் வைக்காமல், கோயில் வளாகத்தில் எல்லோருக்கும் ஒரே பந்தியாகப் போடலாம். வசதியுள்ளவர்கள் அரிசி கொடுக்கட்டும், மற்றவர்கள் வந்து பரிமாறட்டும்.

வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு பங்குப் பேரவை கூடுகிறது. இதை அங்கே எழுந்து நின்று கேட்கப்போகிறேன். முதல் ஐந்து அங்கிகளுக்கான துணியை எங்கள் வீட்டிலிருந்து தருகிறோம்.