துப்பல் சட்டி

(தலவாக்கலை, ஞாயிறு பின்னேரம். மாமா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கொழும்பில் வேலை பார்க்கும் மருமகன் தோளில் பையோடு வாசலில் நிற்கிறான்.)

மாமா: வா மருமகனே. நுவரெலியா வரைக்கும் வந்துவிட்டு இரண்டு நாளாக இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லையே?

மருமகன்: கூட்டாளிகளோடு வந்தேன் மாமா. ஒரு பழைய துரை பங்களா. வைன் டேஸ்டிங்.

மாமா: குடிக்கப் போனோம் என்று சொல்லேன். அத்தை அடுப்படியில்தான் இருக்கிறாள், கேட்காது.

மருமகன்: குடிப்பதில்லை மாமா, சுவைப்பது! கிளாஸைச் சாய்த்து வெள்ளைத் துணிக்கு நேரே பிடித்து நிறம் பார்க்க வேண்டும். அப்புறம் மெதுவாகச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு மணம் பிடிக்க வேண்டும். ஒரு வாய் எடுத்து, காற்றையும் சேர்த்து உறிஞ்சி, நாக்கு முழுக்க ஓடவிட்டு...

மாமா: விழுங்க வேண்டும்.

மருமகன்: துப்ப வேண்டும்.

மாமா: (சற்று நேரம் பேசாமல்) எவ்வளவு கட்டினாய்?

மருமகன்: தலைக்கு இருபத்தையாயிரம். சாப்பாட்டோடு.

மாமா: அடப்பாவி! எங்கள் ஸ்டோரில் தேயிலைத் தயாரிப்பைப் பார்க்கிற டீமேக்கர் ஐயா தினமும் காலையில் இதே வேலையைச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தார். அவருடைய துப்பல் சட்டியைக் கழுவியவன் நான். எனக்கும் சம்பளம் கொடுத்தார்கள்.

மருமகன்: அது தேத்தண்ணி மாமா. இது கலை.

மாமா: கலையா? பீ.ஓ.பி.எஃப். மாதிரி ஒவ்வொரு தரத் தேயிலைத் தூளையும் நிறுத்துப் போட வேண்டும், 2.8 கிராம். அந்தக் காலத்துத் துரைமார் ஆறு பென்ஸ் காசைத் தராசில் வைத்து நிறுத்தார்களாம். கொதிக்கிற தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால் ஆறு நிமிடம். வடித்ததும் வெந்த இலையை மூடியில் கவிழ்த்து, அதன் நிறத்தையும் பார்க்க வேண்டும். பிறகு ஐயா ஒரு உறிஞ்சு உறிஞ்சுவார் பார், வெளியே நிற்கிற லொறிக்காரன் திரும்பிப் பார்ப்பான்.

மருமகன்: எங்களுக்கும் சத்தமாக உறிஞ்சச் சொன்னார்கள்...

மாமா: அது சரி, நுவரெலியாவில் திராட்சை ஏது? லீக்ஸ், கரட், கோவா. இந்த மழைக்கும் பனிக்கும் கொடி அழுகிவிடும். வெயில் காய்கிற யாழ்ப்பாணத்தில் என்றால் சரி.

மருமகன்: எல்லாம் வெளிநாட்டுப் போத்தல். பிரான்ஸ், சிலி, ஆஸ்திரேலியா. மேசையில் வரிசையாக வைத்திருந்தார்கள்.

மாமா: 1867இல் ஜேம்ஸ் டெய்லர் துரை கண்டிப் பக்கம் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். நல்ல வேளை, திராட்சை வைக்கவில்லை. வைத்திருந்தால் உன் அப்பாயி கொழுந்துக்குப் பதிலாகக் குலை பறித்திருப்பாள். கூடையில் நசுங்கிய பழத்துக்கும் கணக்கப்பிள்ளை கிலோ வெட்டியிருப்பார். சரி, ருசி எப்படி?

மருமகன்: முதலில் ஈர மரம் மாதிரி ஒரு வாசம். பின்னால் லேசாகப் பழைய தோல்.

மாமா: மழையில் நனைந்த உன் சித்தப்பா செருப்பு.

மருமகன்: கிண்டல் பண்ணாதீர்கள். கடைசியில் வாய் உலர்ந்து நாக்கு சுருங்கும். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கிற டானின் செய்கிற வேலையாம்.

மாமா: தேத்தண்ணியிலும் அந்தத் துவர்ப்புதானே ஆள். நிறம்?

மருமகன்: செம்புக் காசு மாதிரி... பளிச்சென்று.

மாமா: (நிமிர்ந்து உட்கார்கிறார்) தலை சுற்றியதா?

மருமகன்: இல்லை.

மாமா: இரவு தூக்கம்?

மருமகன்: கண்ணே மூடவில்லை மாமா. விடிய விடிய விழித்துக்கொண்டு கிடந்தோம்.

மாமா: எந்த நாள் சுவைத்தீர்கள்?

மருமகன்: சனிக்கிழமை.

மாமா: நேற்று போயா, பௌர்ணமி விடுமுறையாச்சே மருமகனே! நாடு முழுக்க வைன் ஸ்டோருக்கும் பூட்டு, ஹோட்டல் பாருக்கும் பூட்டு.

மருமகன்: (மெதுவாக) வெள்ளிக்கிழமை ரயில் தாமதம். நானுஓயாவில் இறங்கும்போதே இரவு பதினொன்று. இன்று காலை பத்துக்கு அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

மாமா: அப்போ நேற்று?

மருமகன்: போத்தலைப் பார்க்கலாம், திறக்க முடியாது என்றார்கள். காசு திரும்பக் கிடைக்காதாம். அதற்குப் பதிலாக... வைன் கிளாஸிலேயே...

மாமா: எத்தனை வகை?

மருமகன்: ஆறு.

மாமா: எது பிடித்தது?

மருமகன்: பீ.ஓ.பி.எஃப்.

மாமா: (கண்ணைத் துடைத்துக்கொண்டு) துப்பினாயா?

மருமகன்: இருபத்தையாயிரம் மாமா! ஒரு சொட்டு துப்பவில்லை.

(அத்தை இரண்டு கோப்பை தேத்தண்ணி வைத்துவிட்டு உள்ளே போகிறாள். மருமகன் கோப்பையை எடுத்து, தன்னை அறியாமல் வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்துச் சுழற்றுகிறான்.)

மாமா: டேய், சுழற்றாதே. ஈ விழுந்திருக்கிறது என்று நினைத்து அத்தை இன்னொன்று போட்டுக்கொண்டு வந்துவிடுவாள். இன்றைக்காவது தூங்கு.