'நே' பெண்களுக்கு மட்டும் உரியதா?

ஜப்பானிய வாக்கியத்தின் இறுதியில் வரும் 'நே' என்னும் இடைச்சொல் பெண்களுக்கே உரியது என்றும், ஆண்கள் சொன்னால் கேலிக்கு ஆளாவார்கள் என்றும் சமூக ஊடகங்களில் பரவிவரும் தகவல் தவறானது. கேட்பவரின் ஒப்புதலை நாடும் இச்சொல்லை ஆண், பெண், முதியோர், சிறுவர் என அனைவரும் பயன்படுத்துகின்றனர். 'வெயில் அதிகமாக இருக்கிறது, இல்லையா' என்னும் பொருளில் 'அட்சுய் தெஸ் நே' என்று மேலதிகாரியிடமும் பணிவாகச் சொல்லலாம்.

குழப்பத்துக்குக் காரணம் வேறு. 'அழகாக இருக்கிறதே' என வியக்கும் 'கிரெய் தா நே' என்பதிலிருந்து 'ஆகும்' என்பதுபோல் வாக்கியத்தை முடிக்கும் 'தா'வை நீக்கிக் 'கிரெய் நே' என்றால்தான் மரபாகப் பெண்மைச் சாயல் தெரியும். அதுவும் இன்றைய இளம்பெண்களிடம் அருகிவருகிறது. இறுதியில் வரும் 'வா'வும் இப்படித்தான் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது: டோக்கியோவில் குரலை உயர்த்தி முடித்தால் அது பெண்பேச்சாகக் கருதப்படும், ஒசாகா வட்டாரத்திலோ குரலைத் தாழ்த்தி ஆண்களும் தாராளமாகச் சொல்வார்கள்.