கருப்பைத் தொட்டால் கத்தரிக்காய் சிவக்கிறது

வரைகிற மென்பொருளில் நிறம் எடுக்கிற பெட்டி இருக்கிறதே, அந்தக் கலர் பிக்கரைச் செய்கிறவர்களே, நீங்கள் ஒரு நாளாவது உட்கார்ந்து ஒரு கத்தரிக்காய் வரைந்திருக்கிறீர்களா?

நேற்று ராத்திரி பதினொன்றரை வரை நான் அதைத்தான் வரைந்துகொண்டிருந்தேன். எங்கள் வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள் கத்தரிக்காய். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய காய். அதைப் பயிர் செய்கிறவர்கள் சிலர் சேர்ந்து சுவரொட்டிக்குப் படம் கேட்டிருந்தார்கள். போட்டோவைப் பார்த்து வரைய மனசு வரவில்லை. காலையிலேயே நேதாஜி மார்க்கெட்டுக்குப் போய் அரைக் கிலோ வாங்கிவந்து, காம்பில் முள் நன்றாகத் தெரிகிற ஒன்றை மேசை விளக்குக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அந்தக் காயைக் கிட்டத்தில் பாருங்கள். விளக்கு வெளிச்சம் விழுகிற இடத்தில் ஒரு கீற்று. வெள்ளை என்றுதான் முதலில் தோன்றும், ஆனால் அதிலும் ஊதா ஒட்டியிருக்கும். நடுத்தோலில் நல்ல பளபளப்பான கத்தரிப்பூ நிறம். நிழலில் இறங்க இறங்க நாவல்பழமாகி, மேசையைத் தொடுகிற இடத்தில் கருப்பாகிறது. அந்தக் கருப்பும் ஊதாக் கருப்புதான். வெளுப்பிலிருந்து கருப்பு வரை ஒரே நிறம் ஓடுகிறது, அந்தக் காயின் அழகே அதில்தான் இருக்கிறது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: ஊதாவை ஒரு தடவை எடுத்துவிட்டால் அது அசையாமல் நிற்க வேண்டும்.

நிற்கிறதா? நிற்பதே இல்லை!

எந்த நிறம் என்பதை 0 முதல் 360 வரை ஓர் எண்ணாகச் சொல்வதுதான் ஹியூ. அந்த ஹியூ ஸ்லைடரை ஊதாவுக்காக 285-ல் வைக்கிறேன். நிழலுக்காக, அந்த நிறத்தை வெளுப்பு முதல் கருப்பு வரை காட்டுகிற கட்டத்தின் அடிக்கு இறங்குகிறேன். பேனா அடிவிளிம்பைத் தொட்டதும் ஹியூ தடாலென்று 0-க்கு ஓடிவிடுகிறது. 0 என்றால் சிவப்பு. சரி, கொஞ்சம் மேலே ஏற்றலாம் என்று பேனாவை நகர்த்தினால் தக்காளி நிறம் வருகிறது. வெள்ளைக் கீற்றுக்காக இடது ஓரத்துக்குப் போனாலும் இதே கதிதான். திரும்பவும் ஸ்லைடருக்கு ஓடு, ஊதாவைத் தேடு, 285-ல் நிறுத்து. ஒரு தடவை, இரண்டு தடவை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஒரே காய்க்கு நாற்பது ஐம்பது தடவை!

நடுவில் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, அழுகின காயப் போட்டு வச்சிருக்க?" என்றார். திரையின் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தேன். அடிப்பக்க நிழல் முழுக்கச் செம்பழுப்பு. இருட்டில் எனக்குத் தெரியாமலே சிவப்பு ஏறியிருக்கிறது. அந்தக் காயை வருஷக்கணக்காகப் பறித்துக் கூடை கட்டுகிறவர்கள் பார்க்கப்போகிற படம் இது. அவர்கள் கண்ணுக்கு இது தப்புமா? வயிறு எரிந்தது.

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்தால் கோபம் இன்னும் ஏறும். நான் எடுத்த ஹியூவை இந்த மென்பொருள் வைத்துக்கொள்வதே இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்ணாக, ஒவ்வொன்றும் 0 முதல் 255-க்குள், மாற்றி அதை மட்டும் வைத்துக்கொள்கிறது. ஸ்லைடரை எங்கே காட்டுவது என்று அந்த மூன்றிலிருந்து திரும்பக் கணக்குப் போடுகிறது. மூன்றும் 0 ஆனால் கருப்பு. கருப்புக்கு ஹியூ ஏது? ஏதாவது போட வேண்டுமே என்று 0 போட்டுவிடுகிறது. முழுக் கருப்புக்குப் போகாமல் ஒரு படி மேலேயே நின்றாலும் தப்பிக்க முடியாது. எண்கள் 0 அல்லது 1 மட்டுமே ஆக முடிகிற அந்த ஆழத்தில் மொத்தமே ஆறு ஹியூதான் உண்டு. என் 285-க்கு அங்கே இடமில்லை, 300-ல் கொண்டுபோய்த் தள்ளுகிறது. அங்கிருந்து வெளிச்சத்துக்கு ஏறி வந்தால் ராணி கலர்.

வரைகிறவர் எடுத்த ஹியூவைத் தனியாக ஓர் இடத்தில் வைத்திருந்தால் இந்தத் தொல்லையே கிடையாது. ஒரே ஒரு எண்! அதைச் சரியாகச் செய்கிற மென்பொருள்கள் இருக்கின்றன, ஆகவே முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். மாதாமாதம் பணம் கட்டுகிற இதில் பிரஷ் மட்டும் நூற்றுக்கணக்கில் கொட்டிக் கொடுக்கிறார்கள். யார் கேட்டது?

அந்தக் கட்டத்தின் அளவும் ஒரு கொடுமை. என் திரையில் அளந்து பார்த்தேன், 128 பிக்சல் அகலம். 0 முதல் 255 வரை 256 படியை அதற்குள் அடைத்தால் பிக்சலுக்கு இரண்டு படி தாவும். இவ்வளவு பெரிய திரையில் நிறத்துக்கு ஒரு தபால்தலை அளவு இடம். மூச்சைப் பிடித்துச் சரியான இடத்தில் பேனாவை நிறுத்தினாலும், எடுக்கும்போது முனை ஒரு மயிரிழை வழுக்கும். நிறம் போச்சு.

அப்புறம் வெளிச்சத்துக்கு என்று ஒரு எண் காட்டுகிறார்களே, அது சுத்தப் பொய். காய்க்குப் பக்கத்தில் கத்தரிப்பூவையும் வரைந்தேன். ஊதா இதழ், நடுவில் மஞ்சள். இரண்டையும் 100-ல் வைத்தால் இரண்டும் ஒரே வெளிச்சம் என்கிறது பிக்கர். கண் அப்படிப் பார்ப்பதில்லை. முழு மஞ்சளும் முழு நீலமும் இந்தக் கணக்கில் ஒன்றுதான், ஆனால் திரையில் மஞ்சளின் ஒளிர்வு நீலத்தைவிடக் கிட்டத்தட்ட 13 மடங்கு. ஹியூ, நிறச்செறிவு, வெளிச்சம் என்று மூன்றாகப் பிரிக்கிற, பிக்கரின் இந்த ஹெச்எஸ்வி முறை 1978-ல் வெளியானது. கண் பார்க்கிறபடி வெளிச்சத்தை அளக்கிற சிஐஇ லேப் முறை அதற்கும் முன்னால், 1976-லேயே வந்துவிட்டது. 2020-ல் ஓகேலேப் என்று இன்னொன்று, எளிய கணக்கோடு, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிடப்பட்டது. எடுத்துப் போட்டால் என்ன?

இப்போது படத்தின் ஓரத்தில் தனி லேயரில் வெளுப்பிலிருந்து கருப்பு வரை ஒன்பது ஊதாத் திட்டுகளைத் தீட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் எண்ணைக் கையால் தட்டி, காயின் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இரண்டு மணி நேரம் ஆனது. பிக்கரைத் திறப்பதே இல்லை, அந்தத் திட்டுகளைத் தொட்டுத்தான் நிழலை முதலிலிருந்து போடுகிறேன். அதற்குள் விளக்குச் சூட்டில் காய் சுருங்கி, தோலின் பளபளப்பு போய்விட்டது. நாளைக் காலையில் மறுபடி மார்க்கெட்டுக்குப் போக வேண்டும்.