ஊர்க்காரங்க

போன வருடம் எங்கள் மாடிக்கு ஒரு குடும்பம் குடிவந்தது. மன்னார்குடிப் பக்கம். மின்தூக்கியில் முதல்முறை பார்த்தபோதே அந்தத் தம்பி கேட்டார், “அக்கா, உங்களுக்கு எந்த ஊரு?”

“சிங்கப்பூர்தான்.”

“அது சரிக்கா, சொந்த ஊரு?”

சுருக்கென்றது. நான் மட்டுமல்ல, என் அப்பா பிறந்ததும் இங்கேதான். ஆனால் கேள்வியில் குற்றமில்லை. அங்கே அது உறவு தேடும் கேள்வி. (சில சமயம் சாதி தேடும் கேள்வியும்கூட. அது வேறு பஞ்சாயத்து.) என் காதில் மட்டும், ‘நீ இந்த நாட்டுக்காரி இல்லை’ என்று விழுந்தது.

சரி, நான் என்ன செய்தேன்? வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம், “பக்கத்து வீட்டுக்கு ஊர்க்காரங்க வந்திருக்காங்க” என்றேன்.

இங்கே வளர்ந்தவர்களுக்கு அந்தத் தொனி தெரியும். தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் ‘நம்ம ஊர்க்காரர்’ என்றால் தோளில் கை போட்டுக்கொள்ளலாம். சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவான தேக்காவில், இங்கே வளர்ந்த நம்மில் ஒருவர் இந்தியாவிலிருந்து வந்த ஒருவரை ‘ஊர்க்காரன்’ என்றால், கொஞ்சம் தள்ளி நில் என்று பொருள். ‘நம்ம’ எங்கோ கழன்று விழுந்துவிட்டது. அகராதிக்கு இது தெரியாது.

“ஊரிலிருந்து வந்தவரை ஊர்க்காரர்னு சொன்னா என்ன தப்பு?” என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. இங்கே இந்தியர்களை இழிவாகச் சொல்லும் ‘கிளிங்’ என்ற சொல்லைப் பாருங்கள். கலிங்கத்திலிருந்து வந்தது என்பார்கள். பழைய மலாய் நூல்களில் தென்னிந்தியரைக் குறிக்கும் சாதாரணச் சொல். ஜூரோங்கில் இன்றும் தஞ்சோங் கிளிங் சாலை இருக்கிறது. பெயர்ப்பலகையில் படிக்கும்போது ஒன்றும் ஆவதில்லை. தொடக்கப்பள்ளியில் ஒரு பையன் என்னைப் பார்த்து அதைச் சொன்னபோது கலிங்கம் வந்து என்னைக் காப்பாற்றவில்லை. வீட்டில்கூடச் சொல்லாமல் விழுங்கினேன்.

‘மாமா கடை’ நேர்மாறு. அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் சின்ன மளிகைக் கடையைச் சீன நண்பர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். கேட்டாலே எனக்குக் குச்சி ஐஸ் ஞாபகம். (சென்னையில் ‘மாமா’ என்ற சொல்லைக் கொஞ்சம் பார்த்துப் பயன்படுத்த வேண்டும் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.)

அப்புறம், இந்தப் பொங்கலன்று. என் மகள் காரிடாரில் அந்தப் பக்கத்து வீட்டுத் தம்பியை நிறுத்தி, “அங்கிள், நீங்க ஊர்க்காரங்களாமே? அம்மா சொன்னாங்க” என்றாள். நான் கதவுக்குப் பின்னால் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. “ஆமாம்மா, பின்னே? உங்க ஊர்க்காரங்கதான்!” உள்ளே போனவர் ஒரு தூக்கு நிறையச் சர்க்கரைப் பொங்கலோடு வந்தார்.

தூக்கு இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. வெறுந்தூக்காகவா திருப்பிக் கொடுப்பது என்று அம்மா நாலு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறார்.