ஆன் தி கார்னர்: ட்ரம்பெட்டைத் தேடாதீர்கள்

அமெரிக்க ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'ஆன் தி கார்னர்' ஆல்பத்தைக் கேட்கப் போகிறேன் என்று ஒரு தம்பி நேற்று எழுதியிருந்தான். அவருடைய பழைய ஆல்பம் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் கிறங்கிப்போய், அடுத்து எது என்று தேடி இங்கே வந்து நிற்கிறான். நானும் அந்த வழியாகத்தான் வந்தேன். வந்து, நாலே நிமிஷத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போனேன். திரும்பி வர இரண்டு வருஷம் ஆனது. அவனுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

1959-ல், 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில், ஒவ்வொரு சுரத்தையும் அளந்து வைத்த அந்த ட்ரம்பெட், 1972-ல் வந்த இந்த ஆல்பத்தில் எங்கே இருக்கிறது என்றே முதலில் தெரியாது. கிட்டார்காரர்கள் காலால் மிதிக்கும் வா-வா பெடலை மைல்ஸ் தன் ட்ரம்பெட்டோடு இணைத்துவிட்டார். மிதிக்க மிதிக்க, யாரோ வாயைத் திறந்து திறந்து மூடுவதுபோல ஒலி விரிந்து சுருங்குகிறது. கிட்டாரா, ஆர்கனா, ட்ரம்பெட்டா என்று சில இடங்களில் எனக்கு இன்றும் குழம்பும்.

என் தவறு, ட்ரம்பெட்டைத் தேடியது. இன்னொரு தவறு, போன் ஸ்பீக்கரில் கேட்டது. அதில் கீழ்ஸ்தாயியில் ஒலிக்கும் பேஸ் கிட்டார் காதுக்கு வரவே வராது. இரண்டாம் முறை நல்ல ஹெட்போனில், மைக்கேல் ஹெண்டர்சனின் பேஸை மட்டும் பிடித்துக்கொண்டேன். பாடகர் ஸ்டீவி வொண்டரோடு வாசித்துவிட்டு வந்த பையன், அப்போது வயது 20. இசைத்தட்டின் முதல் பக்கம் முழுக்க, ஏறக்குறைய 20 நிமிடம், ஒரு சின்னச் சொற்கட்டை விடாமல் பிடித்து நிற்கிறார். அதைப் பிடித்ததும் மற்றதெல்லாம் தானாக இடம் பிடித்து உட்கார்ந்தது: ஜாக் டிஜானெட்டின் டிரம்ஸ், ஹெர்பி ஹான்காக்கின் கீபோர்டு, சித்தார், தபலா. அப்போது மைல்ஸ் காதில் இருந்தது ஃபங்க் இசைக்காரர்களான ஜேம்ஸ் பிரவுனும் ஸ்லை ஸ்டோனும். ஜாஸில் வழக்கமாகத் தாளம் பின்னால் நிற்கும், ஊதுபவர் முன்னால் வருவார். இங்கே தாளம்தான் கதாநாயகன். ட்ரம்பெட் அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்து, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பவும் கூட்டத்தில் கரைந்துவிடுகிறது.

முதல் பக்கத்தில் ஒரு சோப்ரானோ சாக்ஸபோன் வரும். வாசித்தவர் டேவ் லீப்மன். டாக்டரைப் பார்க்கப் போயிருந்தவருக்கு அங்கேயே தகவல் வந்து, அப்படியே ஸ்டுடியோவுக்கு ஓடியிருக்கிறார். மின்கருவிகளெல்லாம் நேராக ரெக்கார்டிங் மேசைக்குப் போய்க்கொண்டிருந்தன, ஹெட்போனில்தான் கேட்கும். அவர் தலையிலோ ஹெட்போன் இல்லை. காதில் விழுந்ததெல்லாம் தோல்கருவிகளின் சத்தம்தான். என்ன ஸ்ருதி என்று தெரியாமலே ஊதியிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு கேட்டுப் பாருங்கள், இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பதுபோல இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

பதிவான நாடாக்களை வெட்டி ஒட்டி இந்த உருவத்துக்குக் கொண்டுவந்தவர் தயாரிப்பாளர் டியோ மசேரோ.

தபலாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வாசித்தவர் பாதல் ராய், இன்றைய வங்கதேசத்துக் கொமில்லாக்காரர். நியூயார்க்கில் ஒரு உணவகத்தில் தபலா வாசித்துக்கொண்டிருந்தவர். அங்கே அவரோடு சேர்ந்து வாசித்தவர் கிட்டாரிஸ்ட் ஜான் மெக்லாஃப்ளின். ஆம், பின்னால் நம் விக்கு விநாயக்ராமோடு 'சக்தி' குழுவில் வாசித்தாரே, அவரேதான். பாதல் ராயின் தபலா இந்த ஆல்பத்தில் கீழைத்தேய வாசனைக்காகத் தூவிய பொடி இல்லை. பேஸுக்கும் டிரம்ஸுக்கும் நடுவே தோள் கொடுத்து நிற்கிறது. அதை எடுத்துவிட்டால் நடையே நொண்டும்.

ஆனால் அன்று இசைத்தட்டை வாங்கியவருக்கு அவர் பெயரே தெரிந்திருக்காது. கார்க்கி மெக்காய் வரைந்த தெருமனிதர்களின் கார்ட்டூன் அட்டை முழுக்க இருக்கிறது; வாசித்த கலைஞர்கள் ஒருவர் பெயரும் இல்லை. எது என்ன வாத்தியம் என்று விமர்சகர்கள் திணறட்டும் என்று வேண்டுமென்றே விட்டதாக மைல்ஸே பின்னால் சொல்லியிருக்கிறார். நான் அவர் பக்தன்தான், ஆனாலும் இதை என்னால் ஏற்க முடியவில்லை. தாளத்தை முன்னால் நிறுத்திவிட்டு, தாளம் போட்டவர்களின் பெயரை மறைப்பது அநியாயம். விமர்சகர்களோடு இருந்த சண்டைக்குப் பாதல் ராயும் ஹெண்டர்சனும் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

விமர்சகர்கள் எப்படியும் கிழித்துத்தான் தொங்கவிட்டார்கள். கறுப்பின இளைஞர்களின் காதுக்குப் போக வேண்டும் என்று மைல்ஸ் ஆசைப்பட்டார். அது அப்போது நடக்கவில்லை. ஹிப்ஹாப்பும் எலக்ட்ரானிக் இசையும் வளர்ந்த பிறகுதான் இதன் அருமை புரிந்தது. 2007-ல் அந்தக் காலப் பதிவுகள் ஆறு சிடிக்களாக வந்தன.

தம்பி, முதல் பாட்டிலிருந்து ஆரம்பிக்காதே. 'பிளாக் சாட்டின்' போடு, ஐந்து நிமிடம்தான். கைதட்டல், மணி, விசில் எல்லாம் இருக்கும், திரும்பத் திரும்ப வரும் ஒரு மெட்டும் இருக்கும். அது வாயில் ஒட்டிக்கொண்டதும் முதல் பக்கத்துக்குப் போ. பேஸைப் பிடித்துக்கொள், அப்புறம் தபலா எங்கே சேர்கிறது என்று பார். கேட்டு முடித்ததும், ராத்திரி எத்தனை மணியானாலும் எனக்கு எழுது.