முதல் போடாத தொழிலாம்

அந்த போர்டு போட்டோவை இதுக்குள்ள எல்லாரும் பார்த்திருப்பீங்க. நான் மறுபடி பகிரப் போறதில்லை. ஒரு டியூஷன் டீச்சர் தன் வீட்டு கேட்ல, 'மாதக் கட்டணம் 5-ஆம் தேதிக்குள். மார்ச் மாதக் கட்டணம் சேரும்போதே'ன்னு எழுதி மாட்டியிருக்காங்க. அதைப் போட்டோ எடுத்து 'முதல் போடாத தொழில், வட்டிக்கடை தோத்துது'ன்னு ஒருத்தர் போட, கீழ வரிசையா சிரிப்பு ஸ்மைலி. அதுல நம்ம ஆளுங்களும் உண்டு. பேர் சொல்லலை. பார்த்தேன், அவ்வளவுதான்.

சிரிச்சாச்சுல்ல, இப்ப கணக்கைப் பார்ப்போம்.

ஒரு சாதாரண தெரு டியூஷன். 20 பிள்ளைங்க, தலைக்கு 500 ரூபாய். பேப்பர்ல 10,000. அக்கா தம்பி சேர்ந்து வந்தா ஒருத்தருக்குப் பாதி ஃபீஸ்ங்கறது எழுதாத சட்டம். அப்படி ரெண்டு ஜோடி இருந்தா 500 போச்சு. எந்த மாசமும் மூணு வீடாவது 'அடுத்த மாசம் சேர்த்துக் குடுத்துடறேன் மிஸ்'னு சொல்லும், தீபாவளி மாசம் அது அஞ்சாகும். கையில நிக்கிறது 8,000. வாரம் ஒரு டெஸ்ட், பிள்ளைக்கு ரெண்டு பக்கம், பக்கம் 2 ரூபாய்னா ஜெராக்ஸ் மட்டும் மாசம் 320. மார்க்கர், தண்ணி கேன், கரண்ட் எல்லாம் சேர்த்து 700 வெச்சுக்குங்க. கரண்ட்ல ஒரு சூட்சுமம் இருக்கு. ரெண்டு ஃபேன், மூணு எல்இடி டியூப்லைட், தினம் மூணு மணி நேரம்னா ரெண்டு மாசத்துக்கு முப்பது யூனிட் பக்கம்தான் ஆகும். ஆனா அந்த முப்பது யூனிட் வீட்டு மீட்டரை ரெண்டு மாசத்துல 500 யூனிட்டைத் தாண்ட வெச்சுட்டா, அதுக்குக் கீழ இருக்கிற யூனிட்டோட ரேட்டும் சேர்ந்து ஏறிடும். ஏப்ரல், மே ரெண்டு மாசமும் வருமானம் பூஜ்யம். பன்னிரண்டால வகுத்துப் பாருங்க, மாசம் ஆறாயிரம் சொச்சம். இதுல வட்டிக்கடை எங்க இருக்கு?

'ஜிஎஸ்டி கட்டுறாங்களா?'ன்னு ஒரு அறிவாளி கேட்டிருந்தார். சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகறது ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போது. இந்த டீச்சரோட ஆண்டு வரவு 80,000. அண்ணன் நிம்மதியாத் தூங்கலாம்.

சரி, மார்ச் ஃபீஸை ஏன் முன்னாடியே கேக்கணும்? பத்தாம் வகுப்புப் பிள்ளை பிப்ரவரி கடைசியில திருப்புதல் தேர்வு முடிஞ்சதும் 'வீட்லயே படிச்சுக்கிறேன்'னு நின்னுடும். ஆனா மார்ச் முழுக்க ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்புல சந்தேகம் வரும், பதிலும் போகும். தேர்வு முடிஞ்சப்புறம் அந்த ஃபீஸைக் கேட்டா, 'வகுப்புக்கே வரலையே, எதுக்கு ஃபீஸ்?' அந்த ஒரு வரி வசூல் வெறியில எழுதினதில்லைங்க. ஒவ்வொரு வருஷமும் ஏமாந்து எழுதினது.

திரும்பவும் சொல்றேன், முதல் இல்லாத தொழில் இல்லை இது. பாடம் எழுத ஆறுக்கு நாலு அடி போர்டு, பாய், குனிஞ்சு எழுதி முதுகு வலிக்காம இருக்கக் குட்டி டெஸ்க், குடிதண்ணி, பெண் பிள்ளைங்க கூச்சமில்லாமப் போற மாதிரி ஒரு பாத்ரூம். இடம்தான் பெரிய முதல். ஒன்றிய அரசு 2024 ஜனவரியில பயிற்சி மையங்களுக்கு வெளியிட்ட வழிகாட்டுதல்ல ஒரு மாணவருக்குக் குறைஞ்சது ஒரு சதுர மீட்டர்னு இருக்கு. அது 50 பேருக்கு மேல வர்ற மையங்களுக்குத்தான், ஆனா அளவு நியாயமான அளவு. பத்துக்குப் பன்னிரண்டு ரூம்ல 120 சதுர அடி. அந்தக் கணக்குப்படி பதினொரு பேர்தான் உக்காரலாம். அப்ப 20 பேர்னா ரெண்டு பேட்ச். 5.30-லேர்ந்து 7 வரை ஒண்ணு, 7-லேர்ந்து 8.30 வரை ஒண்ணு. வீட்ல சமையல், சொந்தப் பிள்ளையோட ஹோம்வொர்க் எல்லாம் அதுக்கப்புறம்.

புதுசா ஆரம்பிக்கிறவங்க அநேகமாத் தடுக்கி விழற இடம் வேற. 'எல்.கே.ஜி. முதல் பத்தாம் வகுப்பு வரை, அனைத்துப் பாடங்களும்'னு பிட் நோட்டீஸ் அடிச்சு காலைப் பேப்பர்ல சொருகி விட்டுடறாங்க. வர்றது என்ன? ஒரே ரூம்ல ஆறு வகுப்பு, தமிழ் மீடியம், இங்கிலீஷ் மீடியம், நடுவுல ரெண்டு சிபிஎஸ்இ. அதுல பாடம் நடத்த முடியாது, ஹோம்வொர்க் காவல்தான் காக்க முடியும். ஒம்பதும் பத்தும், கணக்கும் அறிவியலும், ஒரே போர்டு பாடத்திட்டம்னு சுருக்கி ஆரம்பிச்சா முதல் வருஷம் எட்டுப் பேர்தான் வருவாங்க. வரட்டும். அந்த எட்டுப் பேரோட காலாண்டு மார்க்தான் அக்டோபர்ல அடுத்த ஏழு பேரைக் கூட்டிட்டு வரும், நோட்டீஸ் இல்ல.

இன்னொரு கூட்டம் ஜனவரியில வரும். அரையாண்டுல கணக்குல 18 மார்க். 'எப்படியாவது பாஸ் பண்ண வெச்சுடுங்க மிஸ், பணம் பிரச்சினையில்ல' (பிரச்சினைதான்னு மார்ச்ல தெரியும்). அதுக்கும் வழி இருக்கு. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு நூறு மார்க் கணக்குத் தாள்ல வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8, ஒரு மார்க் கேள்வி 14. ஒரு கிராஃப் நோட்டு, ஒழுங்கான காம்பஸ், தினமும் ஒரு வரைபடம், ஒரு முக்கோணம் இல்லேன்னா தொடுகோடு. கூடவே புத்தகத்துல இருக்கற ஒரு மார்க் எல்லாம். இதுலயே முப்பது மார்க் தாள்ல இருக்கு. பாஸுக்கு வேண்டிய மிச்சத்துக்கு ரெண்டு மார்க் கேள்வி நாலு. அறிவியல்ல செய்முறைக்கு 25, எழுத்துத் தேர்வுக்கு 75. எழுத்துல 20 எடுக்காட்டி செய்முறையில முழுசா வாங்கினாலும் பாஸ் இல்லைங்கறதே பாதிப் பெற்றோருக்குத் தெரியாது. டியூஷன் டீச்சருக்குத் தெரியும். இந்த விவரம் தெரிஞ்சிருக்கிறதுக்குத்தான் ஃபீஸ்.

'கல்வியை விக்கலாமா?' வந்துட்டாங்க. ஸ்கூல் வேனுக்கு மாசம் பணம் கட்டும்போது இந்தக் கேள்வி வரலையே. 'இல்லம் தேடிக் கல்வியில சேவையா நடத்தினாங்களே?' நல்ல திட்டம், மறுக்கலை. 2021-ல தமிழக அரசு ஆரம்பிச்ச அந்த மாலை வகுப்புத் திட்டத்துலயும் தன்னார்வலருக்கு மாசம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தாங்க, அதுவும் எட்டாம் வகுப்பு வரைக்கும் சொல்லிக் கொடுக்கத்தான். அரசாங்கமே சும்மா வேலை வாங்கலைங்க. 'இல்லாத வீட்டுப் பிள்ளை?' அந்தக் கேள்விக்கு மட்டும் நான் கேலியாப் பதில் சொல்ல மாட்டேன். எத்தனையோ டியூஷன்ல ஒண்ணு ரெண்டு பிள்ளைங்க காசு கொடுக்காமத்தான் படிக்குது. அதை யாரும் போர்டுல எழுதி மாட்டறதில்லை, அதனால போட்டோவும் வர்றதில்லை.

கோபம் வரணும்னா வேற இடம் இருக்கு. தன் வகுப்புப் பிள்ளையைத் தன் வீட்டு டியூஷனுக்கே வரவழைக்கிற பள்ளி ஆசிரியர் உண்டு, வராத பிள்ளைக்கு இன்டர்னல் மார்க்கைக் காட்டிப் பயமுறுத்தறவர். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 28, பள்ளி ஆசிரியர் தனி டியூஷன் எடுக்கக் கூடாதுன்னு நேரடியாச் சொல்லுது. அவர் வீட்டு கேட்ல போர்டே இருக்காது. அங்க போய் யாரும் போட்டோ எடுக்கலை. ஏன்னா அவர்கிட்ட நம்ம பிள்ளை மார்க் இருக்கு. வீட்ல டியூஷன் எடுக்கிற பொண்ணுகிட்ட என்ன இருக்கு?

மொட்டை மாடியில கீத்துக் கொட்டகை போட்டு முப்பது பிள்ளைங்களை உக்கார வைக்கிறாங்க பாருங்க, அதையும் கேளுங்க. 2004 ஜூலை 16, கும்பகோணம் பள்ளி, 94 பிள்ளைங்க செத்தாங்க. கூரையில தீ. அதுக்கப்புறமும் இந்த ஊர்ல கீத்துக்குக் கீழ டியூஷன் நடக்குது, ஏறி இறங்க ஒத்தைப் படி. தகர ஷீட்டும் ரெண்டாவது வழியும் செலவுதான். அந்தச் செலவைச் செய்யணும்னா ஃபீஸ் வாங்கணும். ஃபீஸ் வாங்கினா வட்டிக்கடை. என்னதான் செய்யச் சொல்றீங்க?

ஜூன்ல ஆரம்பிக்கலாம்னு இருக்கிறவங்க இந்தக் கூத்தைப் பார்த்துட்டு இன்பாக்ஸ்ல தயங்கறாங்க. ஆரம்பிங்க. போர்டுல தேதியோட எழுதி மாட்டுங்க. உத்யம் (Udyam) பதிவு, அதாவது சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு, வேணும்னா ஆதாரை வெச்சு இலவசமாப் பண்ணலாம், யாருக்கும் ஐந்நூறு ஆயிரம்னு கொடுக்காதீங்க. கதவைத் திறந்து வெச்சே பாடம் நடத்துங்க, கடைசிப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போக ஆள் வர்ற வரைக்கும் இன்னொரு பிள்ளையும் இருக்கட்டும். டெமோ வகுப்பு ஒரு நாள் மட்டும். ஒரு வாரம் இலவசம்னு போட்டா, காலாண்டுக்கு முந்தின வாரம் மட்டும் வந்துட்டுப் போறவங்க இந்த ஊர்லயே நிறைய.